வாத்தியார் வீட்டுக்கு வந்தனான்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஒவ்வொரு தடவையும் ரெண்டு பத்தியோட நிறுத்தி வச்ச பதிவு இது. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சாக்கு சொல்லலாம். நிஜம் அது இல்லை. இதை எழுதினா இன்னொருத்தரோட கதையையும் சேர்த்து எழுதணும். போன வாரம்தான் அவங்ககிட்ட கேட்டேன். "பேர் போடாமல் எழுது"ன்னுட்டாங்க. அதனால இன்னிக்கு எப்படியும் முடிச்சுடறதுன்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே :)

2023 பிப்ரவரியில் நெடுந்தீவுக்குத் தனியாப் போய்ட்டு வந்தேன்.

நம்ம ஊர்ல பேப்பர் படிக்கிறவங்களுக்கு நெடுந்தீவுன்னதும் ஒரே ஒரு செய்திதான் ஞாபகம் வரும். 'நெடுந்தீவு அருகே தமிழக மீனவர்கள் கைது.' யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, பாக் நீரிணையில் இருக்கிற தீவு. சுமார் 50 சதுர கிலோமீட்டர், சில ஆயிரம் பேர். டச்சுக்காரன் தன் ஊர்ப் பேரையே வச்சு டெல்ஃப்ட்னு கூப்பிட்டான். நம்ம மேடைகள்ல அடிக்கடி முழங்குற கச்சத்தீவு இருக்கே, அதுவும் நிர்வாகக் கணக்கில் இந்த நெடுந்தீவுப் பிரதேசத்தோட சேர்ந்ததுதான்.

சரி, ஏன் அங்கே? ஏன் தனியா?

அம்மா ஆறு வருஷம் படுக்கையில் இருந்தாங்க. 2022ல போய்ட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு, 46 வயசுல திரும்பிப் பார்த்தா, நான் வாழ்க்கையில் தனியா எங்கேயுமே போனதில்லை. திருச்சிக்குப் போனாக்கூட கூட ஒருத்தர் வருவாங்க, இல்லாட்டி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் காத்திருப்பாங்க. அப்போதான் நெடுந்தீவுக் குதிரைகளைப் பத்திப் படிச்சேன். வெள்ளைக்காரன் காலத்துல கொண்டுவந்து விட்ட மட்டக்குதிரைகளோட வாரிசுகள், தீவோட தெற்குப் புல்வெளியில் இன்னமும் தன் இஷ்டத்துக்குத் திரியுதாம். யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள். அந்த ஒரு வரி எனக்கு என்னவோ ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

இணையத்துல தேடினா எல்லாரும் ஒரே அஞ்சு இடத்தைத்தான் சொல்றாங்க. குதிரை, கோட்டை, பெருக்குமரம், புறாக்கூடு, பவளக்கல் வேலி. தனியா ஒரு பொம்பளை போனா எப்படி, படகுல எங்கே உட்காரணும், மதியம் எங்கே சாப்பிடுறது, இதெல்லாம் யாரும் சொல்லலை. பாதுகாப்பான்னு கேட்டா 'பாதுகாப்பானதே, எனினும் கவனம் தேவை'ங்கற மாதிரி பதில். இது மாம்பலத்துக்கும் பொருந்துமே!

அப்போதான் கீழ்வீட்டு அன்ரி ஞாபகம் வந்தாங்க.

எங்க அபார்ட்மென்ட்ல கீழ்வீட்டுல பத்து வருஷமா குடியிருக்கிறவங்க. இலங்கைன்னு தெரியும். ஆனா எந்த ஊருன்னு நான் கேட்டதே இல்லை. எங்க அம்மாவுக்கு முடியாம இருந்தப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் புட்டு அவிச்சு அனுப்பினவங்க, அவங்க ஊர் எதுன்னு கேட்கத் தோணலை எனக்கு. (வெட்கமாத்தான் இருக்கு.) ஒரு ஞாயித்துக்கிழமை போய், "யாழ்ப்பாணம் பக்கம் நெடுந்தீவுன்னு ஒரு ஊராம், உங்களுக்குத் தெரியுமா அன்ரி"ன்னு கேட்டேன்.

கையில இருந்த முறத்தைக் கீழே வச்சாங்க. "நான் பிறந்த இடம் பிள்ளை அது" அப்படின்னாங்க.

அப்புறம் ஒரு மணி நேரம் தீவைப் பத்திச் சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்தேன். நோட்டெல்லாம் கொண்டு போயிருந்தேன். அவங்க ஒண்ணுமே சொல்லலை. என்னைக் கேள்வி கேட்க ஆரம்பிச்சுட்டாங்க.

"பஸ்ஸில போகேக்க உனக்குச் சத்தி வருமோ?" (வாந்தியைத்தான் சொல்றாங்க.) வரும்.
"வெயிலில தலையிடிக்குமோ?" இடிக்கும்.
"நேரத்துக்குச் சாப்பிடாட்டி?" மயக்கம் வரும்.
"ஆரும் கோவமாக் கதைச்சா நீ திருப்பிக் கதைப்பியோ, பேசாமல் இருப்பியோ?" யோசிச்சு, "திருப்பிப் பேசுவேன்"னு சொன்னேன். "அது எனக்குத் தெரியும். நீ அசோசியேஷன் மீட்டிங்கில கதைச்சது கேட்டனான்"னு சிரிச்சாங்க.

கடைசியா, "குதிரை பாக்கவோ போறாய், இல்லாட்டி தனியாப் போய்வர ஏலும் எண்டு பாக்கவோ?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவங்களும் பதிலுக்குக் காத்திருக்கலை. உள்ளே போய் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்துட்டு, அதுக்கப்புறம்தான் சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒவ்வொண்ணும் எனக்குன்னே சொன்னது. என் தங்கை போறான்னா வேற சொல்லியிருப்பாங்க.

காலம்: "கார்த்திகை மார்கழியில வாடைக் காத்துக்குக் கடல் கொந்தளிக்கும். பிறகு சோளகம் தொடங்கினாலும் அப்பிடித்தான். உனக்குச் சத்தி வரும் எண்டா ரெண்டுக்கும் இடையில போ. மாசியில கச்சதீவுத் திருநாள் வரும், அந்த வாரம் மட்டும் போகாதே. படகெல்லாம் அங்க ஓடும்."

துறை: "குறிகட்டுவானில பஸ்ஸால இறங்கினோடன சனம் எல்லாம் ஒரு பக்கம் ஓடும். பின்னால போயிடாதே. அது நயினாதீவுக்கு அம்மன் கும்பிடப் போற சனம். நீ நிண்டு கேட்டு ஏறு."

படகு: "உள்ளுக்க கீழ இருக்காதே, டீசல் மணத்துக்கே உனக்கு ஏலாமல் போயிடும். முன்னுக்கும் இருக்காதே, தண்ணி அடிக்கும். பின்பக்கம் மேல இருந்து தூரத்துக் கரையைப் பார்."

பேச்சு: "நீ இந்தியா எண்டு தெரிஞ்சா மீன்பிடிக் கதை எடுப்பினம். கோவமாயும் கதைப்பினம். வாயைத் திறக்காதே. கேள். கேட்டுட்டு வா."

தனியா இருக்கிறதைப் பத்தி நான் கேட்டேன். யாராவது 'தனியாவா வந்தீங்க'ன்னு கேட்டா என்ன சொல்றது? பின்னாடி வீட்டுக்காரர் வர்றார்னு சொல்லிடவா?

"பொய் சொல்லாதே. சின்ன இடம், பொய் அரை மணித்தியாலம் நிக்காது. இறங்கினோடன தேத்தண்ணிக் கடையில 'வாத்தியார் வீட்டுக்கு வந்தனான்' எண்டு சொல்லு." வாத்தியார்ங்கறது அவங்க அப்பா. அவர் பேரை ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் கொடுத்தாங்க. "வீட்டில இப்ப ஆரும் இல்லை. எண்டாலும் சொல்லு."

அப்புறம் மெதுவா ரெண்டு விஷயம்.

"துறையில ஒரு தூபி இருக்காம். நான் பாக்கேல்லை. அதில கொஞ்ச நேரம் நிண்டுட்டுப் போ. படம் எடுக்காதே." 1985 மே 15ஆம் தேதி குமுதினிங்கற படகு நெடுந்தீவுல இருந்து வந்துட்டிருந்தப்ப நடுக்கடல்ல மறிச்சு, உள்ளே இருந்தவங்களை வெட்டிக் கொன்னாங்க. இருபதுக்கும் மேற்பட்டவங்க. பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாம் உண்டு. கடற்படைக்காரங்கதான் செஞ்சாங்கன்னு தப்பிச்சவங்க சொன்னாங்க. "என்னோட படிச்ச பிள்ளை ஒண்டும் அதில"ன்னு மட்டும் சொன்னாங்க அன்ரி. ரெண்டு மாசத்துல அவங்க குடும்பம் வள்ளத்துல ராமேஸ்வரம் வந்துடுச்சு. மண்டபம் முகாம், அப்புறம் எங்கெங்கோ, கடைசியா எங்க கீழ்வீடு.

ரெண்டாவது: "நேரம் இருந்தா எங்கட வளவுக் கிணத்தைப் பார்த்துட்டு வா. அதில தண்ணி குடி. தீவு முழுக்க உவர்த்தண்ணி, எங்கட கிணறு நல்ல தண்ணி."

"நீங்களே ஒரு தடவை போய்ட்டு வரலாமே அன்ரி?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "போகலாம். போறதுக்கு விடுவினம். திரும்ப இஞ்ச வர விடுவினமோ?" பேரப்பிள்ளைங்க இங்கே பள்ளிக்கூடம் போறாங்க. அகதிப் பதிவுல இருக்கிறவங்களுக்கு ஊருக்குப் போறதுங்கறது ஒருவழிப் பாதை. என்கிட்ட இருக்கிற அந்தச் சின்ன நீலப் புத்தகத்தோட மதிப்பு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

*

சென்னையில இருந்து பலாலிக்கு விமானம். 2020ல நின்னுபோய், 2022 டிசம்பர்லதான் திரும்ப ஓட ஆரம்பிச்சிருந்தது. யாழ்ப்பாணத்துல ராத்திரி தங்கிட்டு, விடிகாலை குறிகட்டுவான் பஸ். தங்கின இடத்து அம்மாகிட்ட, "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வரலைன்னா தேடுங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். இதுவும் அன்ரி சொல்லிக்கொடுத்ததுதான். புங்குடுதீவு போற பாலத்துல ரெண்டு பக்கமும் கடல், நடுவுல பஸ். பயமே இல்லை, சந்தோஷம்தான்.

துறையில இறங்கினதும் அன்ரி சொன்ன மாதிரியே சனம் ஒரு பக்கமா ஓடிச்சு. என் காலும் தன்னால ரெண்டடி எடுத்து வச்சது! நின்னு கேட்டேன். நெடுந்தீவுப் படகு அந்தப் பக்கம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒரு மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடத்துக்குப் போற டீச்சருங்க, எல்லாம் ஒரே படகுல. பின்பக்கம் மேலே இடம் பிடிச்சு, கரையையே பார்த்துக்கிட்டு ஒரு மணி நேரம். கீழே இருந்து ஒரு பையன் ஓடிவந்து கடல்ல எட்டி வாந்தி எடுத்தான். நான் எடுக்கலை. எனக்கு அது பெரிய சாதனை :)

மாவலித் துறையில் இறங்கினேன். தூபிகிட்ட நின்னேன். படம் எடுக்கலை. அதைப் பத்தி இதுக்கு மேலே எழுத எனக்குத் தெரியலை.

தேத்தண்ணிக் கடையில ஒரு பெரியவரும், மூணு நாலு பேரும் உட்கார்ந்திருந்தாங்க. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. பேப்பரைப் பார்க்காமலே சொன்னேன். "வாத்தியார் வீட்டுக்கு வந்தனான்." என் வாயில அந்தத் தமிழ் எப்படி வந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. யாரும் சிரிக்கலை. பெரியவர், "எந்த வாத்தியார்?"னு கேட்டார். பேரைச் சொன்னதும் எழுந்து நின்னார். "அவரிட்டத்தான் நான் அஞ்சாம் வகுப்பு" அப்படின்னார்.

அதுக்கப்புறம் நான் தனியா வந்த பொம்பளை இல்லை. வாத்தியார் வீட்டுக்கு வந்த பிள்ளை. ஆட்டோக்காரத் தம்பி ஒருத்தரைக் கூப்பிட்டு, "வடிவாக் கூட்டிக்கொண்டு போய், படகுக்கு முன்னம் கொண்டந்து விடு"ன்னு பெரியவர் சொல்லிட்டார். காசு பேசினோம், நியாயமான காசு.

இங்கேதான் ஒரு சிக்கல். அப்போ இலங்கையில பொருளாதார நெருக்கடி. வண்டிக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் பெட்ரோல்னு க்யூஆர் கோடு காட்டி அளந்து வாங்கின காலம். தம்பி டேங்கைத் திறந்து பார்த்துட்டுச் சொன்னார். "அக்கா, ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம் எல்லாம் காட்டலாம். பிறகு குதிரைப் பக்கம் போகலாம், இல்லாட்டி வாத்தியார் வளவுக்குப் போகலாம். ரெண்டுக்கும் பெட்ரோல் காணாது. நேரமும் காணாது."

நான் குதிரை பார்க்கத்தான் ஆறு மாசமா காசு சேர்த்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி பவளக்கல்லால கட்டின கோட்டை இடிஞ்சு கிடக்கு. பெருக்குமரத்தோட அடிமரத்துல ஒரு பொந்து. ஆள் உள்ளே போய் நிக்கலாம், நானும் நின்னேன். சாந்து வைக்காம கல்லைச் சும்மா அடுக்கியே கட்டின வேலிங்க, ரோட்டு ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு இடத்துலயும் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தேன். கிணத்தைப் பார்க்க 'நேரம் இருந்தா'ன்னுதானே அன்ரி சொன்னாங்க? கட்டாயம்னு சொல்லலையே?

மதியம் தம்பி வீட்டுலயே சாப்பாடு. (நேரத்துக்குச் சாப்பிடாட்டி மயக்கம் வரும்னு நான் சொல்லியிருந்தேன்.) அங்கேதான் அவரோட அண்ணன் வந்தார், கடல் தொழில் பண்றவர். நான் இந்தியான்னு தெரிஞ்சதும் ஆரம்பிச்சார். உங்கட இழுவைப் படகுகள் ராவில வந்து எங்கட வலையை அறுத்துப்போட்டுப் போகுது, கடன் வாங்கிப் போட்ட வலை, அடிமண்ணோட வாரிக்கொண்டு போனா இனி எங்களுக்கு மீன் எங்கால வாறது? 2017லயே இழுவை மடித் தொழிலை இங்க சட்டம் போட்டுத் தடை செய்தாச்சு, எங்கட ஆக்களுக்கும் தடைதான், நீங்கள் மட்டும் வாறீங்கள். சுடுறது பிழைதான், அதை நாங்கள் சரி எண்டு சொல்லேல்லை, ஆனா எங்கட வலைக்கு ஆர் காசு தாறது?

என் நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்தது. நம்ம பக்கமும் உயிர் போயிருக்கு, படகைப் பிடிச்சு வச்சா ஒரு குடும்பமே ரோட்டுக்கு வந்துடுது, எல்லாம் சொல்லலாம். அன்ரி சொன்னது ஞாபகம் வந்தது. கேள். கேட்டேன். முழுக்கச் சொல்லி முடிச்சுட்டு, அவரே அமைதியாகி, "சாப்பிடுங்கோ அக்கா, மீன் ஆறுது"ன்னார். இத்தனை வருஷம் பேப்பர்ல படிச்ச அந்த ஒரு வரிச் செய்திக்கு இன்னொரு பக்கம் இருக்குன்னு அந்தச் சாப்பாட்டுலதான் தெரிஞ்சது. திருப்பிப் பேசியிருந்தா நானும் ஜெயிச்சிருக்க மாட்டேன், அவரும் மீன் போட்டிருக்க மாட்டார்.

கை கழுவிட்டு வந்து தம்பிகிட்ட, "வாத்தியார் வளவுக்கே போகலாம்"னு சொல்லிட்டேன். தியாகமெல்லாம் இல்லை. காலையில இருந்து எனக்குக் கிடைச்சது எல்லாமே அந்த வீட்டுப் பேரைச் சொல்லிக் கிடைச்சது. அந்த வீட்டையே பார்க்காம வந்தா அன்ரி முகத்தை எப்படிப் பார்க்கிறது?

வீடுன்னு ஒண்ணும் இல்லை. நாலு சுவர்ல ரெண்டு நிக்குது. உள்ளே புதர். பனை மரங்கள். கிணறு மட்டும் முழுசா இருக்கு, கட்டுல ஒரு பக்கம் கல் சரிஞ்சிருக்கு. தம்பி வாளியும் கயிறும் எங்கேயோ போய் வாங்கிட்டு வந்தார். இறைச்சுக் கையில ஏந்தி வாய்கிட்ட கொண்டு போனேன்.

"அக்கா, குடிக்காதேங்கோ. அது இப்ப உவர். வயித்துக்கு ஆகாது."

அன்ரி சொன்ன மத்த எல்லாம் சரியா இருந்தது. இது ஒண்ணு மட்டும் 38 வருஷம் பழசு. தம்பி தன் போத்தலை நீட்டினார். நாக்கு நுனியில மட்டும் கிணத்துத் தண்ணியைத் தொட்டுப் பார்த்தேன். உப்புதான்.

படகு கிளம்புறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி துறையில கொண்டுவந்து விட்டுட்டார். பேசின காசுக்கு மேலே கொடுத்ததை வாங்கலை. பெரியவர் அங்கேயே இருந்தார். "வாத்தியாரின்ட மகளுக்குச் சொல்லு, வேலி விழுந்தா நாங்கள் அடுக்கி விடுறனாங்கள் எண்டு." நான் அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. அவருக்கே தெரிஞ்சிருக்கு.

*

குதிரை பார்க்கலை. ஆமா, நெடுந்தீவு போய்க் குதிரை பார்க்காம வந்த ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம் :)

தனியாப் போகணும்னு நினைக்கிறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். அந்த ஊர்க்காரர் ஒருத்தரைத் தேடிப் பிடிங்க, நம்ம தெருவுலயே இருக்கலாம். அவர் உடனே இடங்களைப் பட்டியல் போட்டா கேட்டுக்கோங்க, தப்பில்லை. உங்களைப் பத்திக் கேள்வி கேட்க ஆரம்பிச்சா விடாதீங்க, அவர்தான் உங்களுக்கான ஆள். அவர் ஊரை விட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னும் கேட்டுக்கோங்க. கடல், காத்து, மனுஷங்க குணம் இதுக்கெல்லாம் அவர் வார்த்தையை நம்பலாம். தண்ணிக்கும் படகு நேரத்துக்கும் அன்னிக்கு அங்கே இருக்கிறவர் சொல்றதைக் கேளுங்க.

சென்னை வந்த மறுநாள் கீழே போனேன். போன்ல கிணத்துப் படம் மட்டும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க, விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தாங்க. பெரியவர் சொன்னதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாங்க.

"தண்ணி குடிச்சியோ?"

விமானத்துல வர்றப்ப முழுக்க இதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். குடிச்சேன், நல்லா இருந்ததுன்னு சொல்லிட்டா என்ன குறைஞ்சுடும்? ஆனா பொய் அரை மணி நேரம் நிக்காதுன்னு சொன்னதே அவங்கதானே.

"இல்லை அன்ரி. உவர்ந்துபோச்சு. நாக்குல மட்டும் தொட்டுப் பார்த்தேன்."

கொஞ்ச நேரம் பேசலை. போனை என் கையில கொடுத்துட்டு முறத்தை எடுத்துக்கிட்டாங்க.

"அது அப்பவே கொஞ்சம் உவர்தான் பிள்ளை. நாங்கள்தான் நல்ல தண்ணி எண்டு சொல்லிக்கொண்டிருந்தனாங்கள்."